தெற்கு ஓதாருவில் இறங்கினோம்

ஜூன் 3, திங்கள்

ஃபுகி தண்டு இரண்டு கட்டு வாங்கி, வேகவைத்து நார் உரித்தேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு. அந்தக் கையோடுதான் போனை எடுத்தேன். சிஹாரு.

"அம்மா, அடுத்த வாரம் மசாத்தோவோட அம்மா வர்றாங்க. புதன்கிழமை எனக்கு கிளினிக்ல லீவு இல்ல. நீதான் அவங்களக் கூட்டிட்டுப் போய் ஊர் சுத்திக் காட்டணும்."

"சரி."

"காலையில சப்போரோ, மத்தியானம் ஓதாரு. ஓதாரு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசையாம்."

விரலில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்துப் போட்டேன்.

"அம்மா, கேக்குதா?"

கேட்டது. ஓதாரு என்றால் எனக்கு என்ன நினைவு வரும் என்று அவளுக்கும் தெரியும்.

மசாத்தோ, சிஹாரு கட்டிக்கொள்ளப்போகிற பையன். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் அம்மாவுக்குத்தான் தெரியாது — என் மகள் பத்து வருடத்துக்கு முன்பு ஓதாருவில் கெங்கோ என்பவனைக் கட்டி, இரண்டு பனிக்காலம் வாழ்ந்து, கோட்டுகூட இல்லாமல் வீடு திரும்பியவள் என்பது. சொல்லவேண்டாம் என்று இவர்கள் இருவருமாக முடிவு செய்திருக்கிறார்கள். போன வருடமே சிஹாரு தன் குடும்பப் பதிவேட்டை எபெத்சுவுக்கு மாற்றிக்கொண்டாள். வேறு ஊருக்கு மாற்றினால் புதுத் தாளில் பழைய கல்யாணம் ஏறாது. ஊரில் பலரும் செய்வதுதான்.

"நீ பொய் சொல்ல வேணாம்மா. ஏதாவது கேட்டாங்கன்னா பேச்ச மாத்திடு, போதும். பேச்ச மாத்துறது பொய்யா என்ன?"

இல்லையா?

ஜூன் 5, புதன்

கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டம். குருக்கள் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. புதுச் சொல் வந்தால் குறித்துவைத்து வீட்டில் அகராதி பார்ப்பது என் வழக்கம். பதினைந்து வயதில் மீன் டப்பாத் தொழிற்சாலைக்குப் போனவள் நான். படித்ததெல்லாம் அந்த ஒரு அகராதியில்தான். இன்று ஒரு சொல்கூடக் குறிக்கவில்லை.

திரும்பி வந்து எங்க வீட்டுக்காரரிடம் கேட்டேன், சொல்லிவிடலாமா என்று.

"நான் முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டினவன். தண்டவாளம் போட்ட பக்கம் போவேன். தண்டவாளம் போடுறது என் வேலை இல்ல" என்றார்.

இந்த மனிதரிடம் கேட்டேன் பார்.

ஜூன் 8, சனி

பழைய கல்யாணப் படங்களை எல்லாம் எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்தாயிற்று. அந்த அம்மா வீட்டுக்கே வரப்போவதில்லை. இருந்தாலும்.

ஜூன் 10, திங்கள்

வழி போட்டுவிட்டேன். கெங்கோவின் அப்பா அம்மாவின் கருவாட்டுக் கடை ஓதாரு நிலையத்தை ஒட்டின சந்தையில். இன்னும் இருக்கிறது. நிலையத்தில் இறங்கினால் அந்த வாசலைத் தாண்டாமல் போவது கஷ்டம். அவன் அம்மா தெருவில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிறவள். ஆகவே ஒரு நிலையம் முன்னதாக, தெற்கு ஓதாருவில் இறங்குவது. அங்கிருந்து இறக்கத்தில் கண்ணாடிக் கடைத் தெரு வழியாகக் கால்வாய். திரும்பவும் அதே வழி. மேடு ஏறவேண்டும். அறுபத்தெட்டு வயது அம்மாவை ஏற்றவேண்டும். ஏறட்டும்.

வெளியே சாப்பிட்டால் சந்தைப் பக்கம் போகலாம் என்பார். அதனால் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

ஐந்து மணிக்கு எழுந்து மாடத்துக்கு விளக்கேற்றி நாமம் சொன்னேன். உப்பு சால்மன் வைத்த சோற்று உருண்டை, முட்டைச் சுருள், ஃபுகி தண்டு, அஸ்பராகஸ். இரண்டு டப்பா. இரண்டுக்கும் துணி சுற்றி முடிச்சுப் போட்டேன்.

மசாத்தோவின் அம்மா, இகராஷி ஹிசாயோ, விடுதி வாசலில் தயாராக நின்றார். குட்டை உருவம், வெயில் ஏறின முகம், நீகாட்டாக்காரர். புருஷன் போனபின் வயலைத் தானே பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும் மூங்கில் இலையில் கட்டின கொழுக்கட்டைப் பொதியை நீட்டி, "எடையா இருக்கு, நீங்களே தூக்கிக்கங்க" என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டம்.

மணிக்கூண்டுக்கு முன்னால் நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இவ்வளவுதாங்க."

"போட்டோவுல பெருசா இருந்துச்சே!"

"கீழ உக்காந்து எடுப்பாங்க போலிருக்கு."

சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓதோரிப் பூங்காவில் சுட்ட சோளம் ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி. "விலையக் கேட்டா பல்லு கூசுது" என்றார், ஆனால் ஒரு மணி விடாமல் தின்றார். பழைய செங்கல் மாளிகையின் குளத்தங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்தோம். அங்கே மசாத்தோவின் சின்ன வயதுக் கதை எல்லாம் சொன்னார். நானும் சிஹாருவின் பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ரயிலில் வலப்பக்கம் உட்கார்த்தி வைத்தேன். கடல் அந்தப் பக்கம். கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான் எழுந்ததும், "ஓதாருன்னு போர்டு போடலையே இன்னும்" என்றார்.

"இதுதாங்க பக்கம். அழகான வழி."

இது பொய்யா? அழகான வழிதான்.

இறக்கத்தில் நடந்தோம். இசைப்பெட்டிக் கடைக்குள் நூறு பெட்டி ஒரே நேரத்தில் பாட, காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். கால்வாய்க்கரையில், "வாய்க்காதானே! எங்க வயல்ல நாலு ஓடுது, காசு வாங்காம காட்டுறேன் வாங்க" என்றார். சொன்னாரே தவிர, கல் பலகையில் உட்கார்ந்து கிடங்குகளையும் தண்ணீரையும் வெகுநேரம் பார்த்தார். அங்கேயே சாப்பிட்டோம். கடல்காகம் ஒன்று என் உருண்டையைக் குறிவைத்தது. அவர் கைப்பையை வீசித் துரத்தினார். ஃபுகி தண்டை ருசித்து, எவ்வளவு சோயா விட்டேன் என்று கேட்டார். மடியில் விரித்திருந்த துணியை உதறி, மடித்து, மறுபடி மடித்து, டப்பாவோடு என்னிடம் கொடுத்தார்.

"துணி நல்லாருக்கு. கெட்டிச் சாயம்" என்றார்.

அதன்பிறகு அவர் பேச்சு குறைந்தது. களைப்பு என்று நினைத்தேன். சந்தைக்குப் போகலாமா என்று கேட்கவே இல்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

மேட்டில் ஏறும்போது இரண்டு முறை நின்றார். கண்ணாடிக் கடையில் நீலச் சோயாக்குப்பி ஒன்றைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டே கேட்டார்:

"நாகுமோம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு லட்சணமா இருக்கு, கை வேலை தெரிஞ்சிருக்கு. முப்பத்தாறு வயசு வரைக்கும் ஏன் கட்டிக்கல?"

பேச்சை மாற்றவேண்டும் என்று தெரியும். குப்பியைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்:

"வேலை, வேலைன்னே இருந்துட்டா. வந்த வரனையெல்லாம் வேணாம்னு சொல்லிட்டா."

"அப்படியா" என்றார். குப்பியை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

சப்போரோ நிலையத்தில் நாலு மணிக்குப் பிரிந்தோம். முறையாகக் குனிந்தார், நானும் குனிந்தேன். ரயில் கட்டணம் இருவருக்கும் போக வர 2,560 யென். நல்லபடி முடிந்தது.

அதே நாள், மாலை

நல்லபடி முடியவில்லை.

டப்பா கழுவிவிட்டுத் துணிகளை அலச எடுத்தேன். என்னுடையது வெறும் கோடு போட்டது. அவருக்குச் சுற்றினது — ஓரத்தில் சின்ன எழுத்து. கெங்கோ, சிஹாரு. 2009 அக்டோபர் 11.

கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த துணி. எண்பது அடித்தோம், பதினான்கு மீந்தது. நல்ல கெட்டித் துணியை எறிய எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை ஜாடி மூட, குடை சுற்ற, ஊறுகாய்க் கல் கட்ட, பத்து வருடமாகக் கையாண்டு கையாண்டு அந்த எழுத்து எழுத்தாகவே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. படங்களை எடுத்து ஒளித்தேன். கருவாட்டுக் கடையைச் சுற்றி அரை ஊர் நடந்தேன். ஐயோ, விடிகாலையில் என் கையாலேயே முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அவர் பார்த்தாரா?

மடித்து, மறுபடி மடித்தார். எழுத்து உள்பக்கமாக.

பார்த்திருந்தால் கண்ணாடிக் கடையில் கேட்டது — தெரிந்தே கேட்டதா? நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனே. வந்த வரனையெல்லாம் வேணாம்னு சொல்லிட்டா. சொல்லி வேறு முடித்தேன், சிரித்துக்கொண்டு!

சிஹாருவுக்குப் போன் செய்தேன். துணியில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "கண்ணாடி போட்டுக்கிட்டிருந்தாங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப படிச்சிருக்க மாட்டாங்க. பேசாம இரும்மா. கெஞ்சிக் கேக்கறேன். நாளைக்குப் பன்னிரண்டு மணி ரயில்ல ஏர்போர்ட் போறாங்க, மசாத்தோ வழியனுப்பறான். நீ போகாத."

மாடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நாமம் சொல்ல வாய் திறக்க வெட்கமாக இருந்தது. இதைக் கேட்டால் குருக்கள், வெட்கப்படுகிறவர்களுக்காகத்தான் அந்த நாமம் என்பார். இருக்கட்டும். வெட்கமாக இருந்தது.

ஜூன் 13, வியாழன்

போனேன்.

மசாத்தோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயணச்சீட்டு வாங்கப் போயிருந்த நேரம். ஹிசாயோ அம்மா தூண் அருகில் நின்றார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேங்க" என்றேன். குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

"தெரியும். நிமிருங்க, ஆளுங்க பாக்கறாங்க."

நிமிர்ந்தேன். நேற்றுக் குடும்பப் பெயரைச் சொன்னவர், இன்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"எனக்குக் கிட்டத்துல உள்ளது கண்ணாடி இல்லாமலே நல்லாத் தெரியும், சுமியேம்மா. எட்டத்துல இருக்கறதுதான் தெரியாது. ரெண்டு தடவை படிச்சேன். ஒரே பேருல வேற பொண்ணா இருக்குமோன்னு பாத்தேன். அப்புறம் அந்தக் கரையில உக்காந்துக்கிட்டு, இந்தம்மா இப்ப சொல்லும், இப்ப சொல்லும்னு காத்துக்கிட்டே இருந்தேன். அந்த மேடு பூரா காத்துக்கிட்டுதான் ஏறுனேன். நீங்களா சொல்லலை, சரி, நாமளே வாயத் திறந்து வழி விடுவோம்னு கடையில கேட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் போயிட்டீங்க."

"மன்னிச்சிருங்க."

"திரும்பி வந்த பொண்ணுங்க எங்க தெருவுலயே நாலு பேரு இருக்கு. அது எனக்குப் பெருசில்ல. நாலு பேரும் சேந்துக்கிட்டு என்னைய முட்டாளாக்குனீங்க பாருங்க, என் மகனும் சேந்து — அதுதான் எறங்க மாட்டேங்குது."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்காததையும் சொன்னேன். அவன் அடித்தான் என்று சொன்னேன். முதல் முறை கன்னம் வீங்கி வந்தபோது, பொறுத்துப் போ, புருஷன் வீட்டில் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொன்னேன். இரண்டாம் முறையும். ரயிலேற்றிவிட்டு வந்து கோயில் கூட்டத்துக்குப் போனேன், தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாம் முறை அவள் வரும்போது கோட்டு இல்லை, பனி கொட்டியது, என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

அவர் கைப்பையின் பிடியை இறுக்கினார்.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"தெரியலைங்க."

"எங்க வீட்டுக்கு வந்து, என்னைக்காவது ஒருநாள் அந்தப் பொண்ணு உங்ககிட்ட அழுதுக்கிட்டு வந்தா திருப்பி அனுப்புவீங்களா?"

"மாட்டேன்."

"இது நேத்துச் சொன்ன மாதிரியா, இன்னைக்குச் சொன்ன மாதிரியா?"

பதில் சொல்வதற்குள் மசாத்தோ வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அவர் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போனவர்கள் திரும்பி ஒருமுறை குனிவார்கள்; யாராயிருந்தாலும் குனிவார்கள். அவர் திரும்பவில்லை. படிக்கட்டில் தலை மறைகிறவரை நான் மட்டும் குனிந்து நின்றேன்.

ஜூன் 14, வெள்ளி

சிஹாரு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசல் தரையிலேயே நின்று பேசினாள்.

"விவாகரத்து ஆச்சுன்னு சொன்ன. சரி. அவன் என்னை அடிச்சத எதுக்கும்மா சொன்ன?"

"மறைக்கக் கூடாதுன்னு..."

"யாருது அது? உன்னுதா? மசாத்தோவுக்கு அதச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு! நீ ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல, நான் இன்னும் சரியாப் பழகாத ஒரு அம்மாகிட்ட... அப்பவும் நீதான் முடிவு பண்ணின, போன்னு. இப்பவும் நீதான். உன் மனசு பாரம் எறங்கிடுச்சா?"

எங்க வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "உள்ள வந்து பேசும்மா" என்றார்.

"வேணாம்பா."

கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்திருக்கலாம்.

பாரம் இறங்கிற்றா என்று கேட்டாளே, அதற்கு ஒளிக்காமல் எழுதவேண்டும் என்றால்: ஆமாம், நேற்று திரும்பி வரும்போது டிராமில் கொஞ்சம் இறங்கின மாதிரிதான் இருந்தது. அவள் தோளில் இறக்கி வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, சனி

கோயில் திருவிழா ஊர்வலம் எங்கள் தெரு வழியாகப் போனது. எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கும் எழுதவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

போன் செய்தேன். எடுக்கவில்லை. அக்கேசியா பூத்துக் கொட்டுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

நீகாட்டாவிலிருந்து அஞ்சலட்டை. ஹிசாயோ அம்மாவின் கையெழுத்து, அழுத்தி எழுதினது, அப்படியே எழுதிவைக்கிறேன்:

"உங்கள் மகள் வந்து இரண்டு நாள் தங்கியிருந்தாள். நான் கேட்கவில்லை. வயலில் களை எடுக்கும்போது அவளாகவே சொன்னாள். நீங்கள் சொல்லாத சிலதையும் சொன்னாள். இனி நடப்பது அவர்கள் இருவர் பாடு. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்ய வேண்டாம். நாலு முறை படித்தேன். ஆறுதலா, விலகி நில் என்பதா? அகராதியில் கிடைக்காது இது.

நான் சொல்லாத சிலது என்றால் என்ன? எனக்குத் தெரியாத சிலது. என்னிடம் சொன்னால் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டது.

எங்க வீட்டுக்காரர் அட்டையைப் படித்துவிட்டு, "நல்லாதான் எழுதியிருக்காங்க" என்று மாடத்தின் பக்கத்தில் வைத்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று அட்டை வீணாயிற்று. ஒன்றும் செய்ய வேண்டாம் என்றவரிடம் என்ன செய்வது? "வந்தவளைத் தங்க வைத்துக்கொண்டதற்கு நன்றி" என்று ஒரு வரி மட்டும் எழுதித் தபாலில் போட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

முன்னோரைக் கும்பிடும் மூன்று நாளும் சிஹாரு வரவில்லை. கல்லறைக்கு நாங்கள் இருவர் மட்டும் போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். "தக்காளி வெலை ஏறிப்போச்சு" என்றார் அவர். ஆமாம் என்றேன். 

செப்டம்பர் 2, திங்கள்

அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் குடியிருக்கும் வீட்டுப் பக்கம் போனேன். சன்னலில் திரைச்சீலை இல்லை. கீழ்வீட்டம்மா, "காலி பண்ணிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும் என்றேன். இன்னொரு பொய்.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலை பத்தரைக்குப் பார்சல் வண்டி. கனமான காகித மூட்டை, முப்பது கிலோ. வண்டிக்காரர் தோளில் வைத்துக் கொண்டுவந்து வாசல் தரையில் இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வாங்கினதுக்கு முத்திரை குத்துங்கம்மா" என்றார்.

மேலே ஒட்டியிருந்த சீட்டில் பொருள் என்ற இடத்தில் புது அரிசி. அனுப்புகிறவர் விலாசம் ஹிசாயோ அம்மாவின் வீடு. கையெழுத்து அவருடையது இல்லை. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒன்றாம் வகுப்பில் நான் கையைப் பிடித்து நேராக்கப் பார்த்து நேராகாத எழுத்து. பெயர்: இகராஷி சிஹாரு.

அவர்கள் குடும்பப் பெயர். அப்படியென்றால் பதிவு முடிந்துவிட்டது. எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை.

"கல்யாணம் ஆயிடுச்சு போலிருக்குங்க" என்றேன்.

எங்க வீட்டுக்காரர் வந்து சீட்டைப் படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அறுப்புக்குப் போயிருக்கா. இவ களத்துல நிப்பாளா! வெயில் பட்டா உரியற தோலு" என்றார். பிறகு குனிந்து பார்த்து, "இது எனக்கு வரலியே" என்றார்.

பார்த்தேன். வீட்டுக்கு எது வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும். யாரும் அப்படித்தான் எழுதுவார்கள், சிஹாருவும் அப்படித்தான் எழுதுவாள். பெறுகிறவர் என்ற இடத்தில் நாகுமோ சுமியே என்று இருந்தது. என் பெயர் மட்டும்.

மூட்டை வாயைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டேன்.

"அரிசிக்குள்ள என்னத்தத் தேடுற?"

"கல்லு இருக்கான்னு பாக்கறேன்."

கடிதம் இல்லை. அரிசி குளிர்ச்சியாக இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு கோப்பை அளந்து கழுவினேன். புது அரிசி தண்ணீர் குறைவாகத்தான் கேட்கும். வழக்கத்தைவிட அரை விரல் குறைத்து வைத்தேன்.